அக்கரையில் ஒரு குதிர்

லுவாங்வா ஆற்றில் மழைவெள்ளம் வடிந்ததும் யோத்தாமு இக்கரைக்கு வந்துவிடுவான். புல்லறுத்துத் தடுப்புக் கட்டி, கூடாரம் அடித்து, மரக்கிளைகளில் குளியல் வாளிகளைத் தொங்கவிட்டு முகாம் எழும்பியதும் சமையல்காரனாகிவிடுவான். தணலில் புதைத்த இரும்புப் பெட்டிக்குள் அவன் சுடும் ரொட்டிக்கு, விலங்கு பார்க்கக் காட்டில் நடந்து களைத்து வரும் வெளிநாட்டு விருந்தினர்கள் தட்டேந்தி நிற்பார்கள். வீடு அக்கரையில். கண்ணுக்குத் தெரியும், மறுமழை வந்து முகாம் பிரிக்கும்வரை வேலையை விட்டுப் போக முடியாது.

அந்த வருஷம் விளைச்சல் படுமோசம். கிடைத்த கொஞ்ச மக்காச்சோளத்தை மனைவி ஸெலிபா குதிரில் கொட்டி மூடி வைத்திருந்தாள். அடுத்த அறுவடைவரை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் களி அதில்தான்.

ஒரு மாலை விருந்தினர்கள் கரையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யோத்தாமு தேநீர் கொண்டுபோன நேரம், புதரை விலக்கிக்கொண்டு யானைக் கூட்டம் ஒன்று ஆற்றில் இறங்கியது. எல்லோரும் மூச்சடக்கிப் பார்த்தார்கள்.

யோத்தாமுவின் குலப்பெயர் ஞ்ஜோவு, யானை என்று பொருள். துப்பாக்கியோடு நின்ற காவலாள் லெமெக்கானி அவன் காதருகே குனிந்தான்.

"உன் பங்காளிங்க எல்லாம் எங்கடா கெளம்பிட்டாங்க, விருந்துக்கா?"

யோத்தாமுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, நேரா எங்க ஊருக்குத்தான் போகுது. வானத்தப் பாத்து ஒரு வெடி போடுங்கண்ணே, திரும்பிடும்."

"போட்டா என் வேலை போச்சு. இது இவங்க உசுருக்காகக் குடுத்த துப்பாக்கிடா. உன் சோளத்துக்கு இல்ல."

"நானாவது போறேனே."

"எதுல போவ? ஓடக்காரன் அப்பவே வீட்டுக்குப் போயிட்டான். நீந்துறியா? முதலைக்கு இன்னிக்குக் கொண்டாட்டம்தான்."

சமையல் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கறையான் புற்றில் ஏறினால்தான் கைபேசிக்கு சிக்னல். யோத்தாமு ஓடிப்போய் ஏறினான்.

"ஸெலிபா, யானை வருது! புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு!"

"அப்ப சோளம்?"

"விட்டுடு."

"விட்டுட்டு என்னத்தத் திங்கறதாம்? தகரத்தத் தட்டுறேன், சாணியில மொளகாயப் போட்டுக் கொளுத்துறேன்."

"சொன்னாக் கேளுடி..."

தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் அவள் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கரையில் தகரச் சத்தமும் கூக்குரலும் எழுந்தன. விருந்தாளி அம்மா ஒருத்தி அவனிடம் கேட்டாள்: "அங்க என்ன, ஏதாவது திருவிழாவா?"

"யானைய விரட்டுறாங்கம்மா."

"ஐயோ பாவம். யானைக்கு அடிபட்டுடாதே?"

"படாதும்மா," என்றவன் போய் சூப்பைக் கிளறினான். உப்புப் போட்டோமா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் ஸெலிபா எடுத்தாள்.

"புள்ளைங்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஓடுறப்ப எனக்குக் காலு பிசகிடுச்சு. குதிரு தரைமட்டம். சிந்துனத மண்ணோட அள்ளிக்கிட்டிருக்கோம். எப்ப வருவ?"

"இவங்க போற அன்னிக்கே அடுத்த கூட்டம் வருதாம். லீவு கேட்டுப் பாத்துட்டேன், மாத்து ஆள் இல்லைங்கறாங்க."

பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

ஸெலிபா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பருவம் முழுக்க அங்கே களியும் தின்றாள், அண்ணியிடம் பேச்சும் வாங்கினாள். முகாம் பிரிக்கும்வரை யோத்தாமு இக்கரையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான்.