மொட்டைமாடி டாப் டென்

சிதம்பரத்தில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் இளவரசுவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். மழை. கல்யாண பேனர் கொடுக்க வருபவரிடம் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் முகூர்த்தத் தேதியைக் கேட்டு, “அன்னிக்குக் காத்து ஜாஸ்தி, இழுத்துக் கட்டுங்க” என்பார். ‘தானே’ புயல் கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து பிடித்த பித்து அது. மொட்டைமாடியில் சொந்தமாக வானிலைக் கருவி நட்டார். அவர் மனைவி இலக்கியாவின் தம்பி ஜெயப்பிரகாஷும் கடலூரில் ஒன்று வைத்தான். மாமனும் மச்சானும் சேர்ந்து இணையதளம் தொடங்கினார்கள்.

அதில் ‘டாப் டென்’ பக்கம்தான் உயிர். வெயில், குளிர், காற்று எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. ஆனால் இளவரசுவின் வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்று: ஒரே நாளில் பெய்த அதிக மழை. முதலிடம் கடலூர், 214 மில்லிமீட்டர். மூன்று வருடமாக அசையவில்லை. ஜெயப்பிரகாஷ் கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டான். “மாமாவுக்கு ரசம் ஜாஸ்தியா ஊத்துங்க, அவுரு ஊர்ல மழ கம்மி!”

இந்த ஐப்பசியில் வந்தது ஒரு மழை. காலை எட்டரைக்கு எட்டரை ஒரு நாள் என்பது கணக்கு. முதல் நாள் காலை எட்டரை தாண்டிப் பிடித்தது, மறுநாள் விடிந்தும் ஓயவில்லை. ஏழு மணிக்கு 206! இளவரசு காபியை மறந்தார். இன்னும் ஒன்பது மில்லிமீட்டர் வந்தால் கடலூர் கீழே!

ஏழரை. 206. எட்டு. அதே 206. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, திரையில் எண் மட்டும் அடம்பிடிக்கிறது. மாடிக்கு ஓடினார். ஆயுதபூஜைக்கு இலக்கியா கருவிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தாள். அவரே ரசித்துப் படம் பிடித்திருந்தார். எடுக்கத்தான் மறந்துவிட்டார். அழுகிய பூவெல்லாம் கருவியில் மழை இறங்கும் புனலை அடைத்து, மழை வெளியே வழிந்துகொண்டிருந்தது. விரலை விட்டுத் தோண்டினார். தேங்கிய நீர் இறங்கி எண் 211-க்கு வந்தபோது மணி எட்டரை. நாள் முடிந்தது. இரண்டாம் இடம்.

“வழிஞ்சு போனது எவ்ளோன்னு யாரு சொல்லுவா?” அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னாலேயே குடையோடு வந்த இலக்கியா, “டிரம் சொல்லுமே” என்றாள். அரிசியில் வண்டு வந்ததென்று முதல் நாள் காலை எவர்சில்வர் டிரம்மைக் கழுவி, துடைத்து மாடியில் காயவைத்திருந்தாள். மழை பிடித்ததும் அப்படியே விட்டுவிட்டாள். அடி முதல் வாய் வரை ஒரே அகலமான டிரம். இளவரசு கீழே பாய்ந்து, கடை ஸ்கேலோடு திரும்பினார். அளந்தார். இருபத்திரண்டரை சென்டிமீட்டர்! அதாவது 225!

“மச்சான், கடலூர் காலி!” என்று போனில் கத்தினார்.

“டிரம்முக்கெல்லாம் எடம் கெடையாது மாமா.”

இலக்கியா போனைப் பிடுங்கினாள். “டேய், நேரா நிக்கிற டிரம்முல வுழுந்த மழைய ஸ்கேல் வெச்சு அளந்திருக்கோம். அது மழ இல்லன்னா வேற என்னடா?”

“போட்டோ அனுப்புக்கா” என்றான்.

மதியம் பக்கத்தைத் திறந்த இளவரசு துள்ளிக் குதித்தார். முதலிடம் சிதம்பரம், 225! குதித்து முடித்தபின்தான் நிலையத்தின் பெயரைப் படித்தார். ‘இலக்கியா டிரம்’. புது நிலையமாகவே சேர்த்துவிட்டான் படுபாவி. இரண்டாவது ஜெயப்பிரகாஷ். அவர் மூன்றாவது!

“வாழ்த்து சொல்ல மாட்டீங்களா?” என்றாள் இலக்கியா. அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய் நிறைய வாழ்த்தினார்.

டிரம் இன்னும் மாடியில்தான் நிற்கிறது. தினமும் எட்டரைக்கு அவள்தான் ஸ்கேலோடு முதலில் ஏறுகிறாள். அரிசி சாக்கிலேயே கிடக்கிறது.