காலிக் கட்டம்

"ரெண்டு ரயிலு எதிரெதிரே வருதுண்ணே. நடுவுல இருநூத்திப் பத்து மைலு. இது நாப்பது மைல் வேகம், அது முப்பது. எப்ப சந்திக்கும்?"

டிரைவரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உடையப்பனின் கை தன்பாட்டுக்கு எழுந்து, திருமயம் வண்டியைப் பின்னால் வரச் சொல்லிச் சைகை காட்டுகிறது. கழுத்தில் விசில், காதில் பென்சில், கக்கத்தில் அட்டை கிழிந்த புத்தகம். டிரைவர் திருப்பதி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்:

"சந்திக்கவே கூடாதுப்பா. சந்திச்சா ஸ்டேஷன் மாஸ்டருக்கு வேலை போயிரும்."

உடையப்பன் சிரிப்பதில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து, பழைய டிக்கெட் கட்டின் முதுகில் கணக்குப் போட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து, தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு இவர் டைம் கீப்பர். பொன்னமராவதிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பி.ஏ. படித்தவர். படித்தவர் பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதுவது நம் ஊரில் யாருக்கும் வியப்பில்லை. பி.ஏ.வுக்குப் பிறகும் ஒருவர் படிக்க ஆசைப்படுவதுதான் வியப்பு. வடக்கே எங்கோ புதிதாக ஒரு கல்லூரி திறந்திருக்கிறார்களாம். பட்டம் வாங்கியவர்களை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்து, தொழில் நிர்வாகம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அதில் சேர ஒரு நுழைவுப் பரீட்சை. அந்தப் பரீட்சைக்குத்தான் ரயில்கள் மோதிக்கொள்கின்றன.

புத்தகம் சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்கச் சரக்கு. அதில் எல்லாரும் டாலரில் ஆப்பிள் வாங்குகிறார்கள். உடையப்பன் டாலரை ரூபாயாக்கி, ஆப்பிளைக் கத்தரிக்காயாக்கிப் போடுகிறார். "ஆப்பிளுன்னா மனசுல நிக்க மாட்டேங்குது. கத்திரிக்கான்னா கணக்கு டக்குனு வருது" என்கிறார். ஒருநாள், இரண்டு தரத் தேயிலையைக் கலந்து விற்கும் வியாபாரியின் லாபம் என்ன என்ற கேள்வியை உரக்கப் படித்துவிட்டார். ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் நாகராசு கரண்டியோடு வெளியே வந்தார். "யாரைச் சொல்றீங்க தம்பி? நேராச் சொல்லுங்க."

முதலாளி ஆண்டியப்பனுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. "யாவாரம் பண்ணப் படிக்கணுமாடா? நீச்சலடிக்கப் பஞ்சாங்கம் பாக்குற கதையால்ல இருக்கு" என்பார். ஆனால் உடையப்பனை விடவும் மனமில்லை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் இடம் கிடைக்காமல் திரும்பியவரிடம் ஒரு வாக்கு வாங்கி வைத்திருக்கிறார். மூன்றாவது தடவையும் கிடைக்காவிட்டால் புத்தகத்தை நாகராசு கடையில் வடை மடிக்கக் கொடுத்துவிட்டு, அறந்தாங்கி டிப்போவுக்கு மானேஜராகப் போய்விட வேண்டும். டிப்போச் சாவி இப்போதே முதலாளியின் இடுப்பில் தொங்குகிறது. உடையப்பனைப் பார்க்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கூடுதலாகக் குலுங்குகிறது.

இரண்டு தடவையும் ஏன் தோற்றார்? அறிவு போதாமல் அல்ல. அந்தப் பரீட்சையில் ஒரு குசும்பு இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். சரியானதன் கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். சரியென்றால் மதிப்பெண். தப்பென்றால், வாங்கியதிலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொள்வார்கள். தெரியாததைச் சும்மா விட்டுவிட்டால் நஷ்டமில்லை. கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவனுக்குக்கூட லாபமும் நஷ்டமும் ஏறக்குறைய சரியாகிவிடும். உடையப்பன் யோசித்துக் குத்துகிறவர். யோசிக்கிறவனை ஏமாற்றவே வைத்திருக்கும் தப்பு விடையில் போய் விழுவார். அதனால் நஷ்டம்.

"ஒரு கட்டத்தைக்கூடப் பட்டினி போடலைங்க" என்று முதல் தடவை எழுதிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார். சாப்பிடும் இலையில் மிச்சம் வைக்காத வளர்ப்பு.

உண்மையில் குற்றம் அவருடையது மட்டுமல்ல, ஊருடையது. புதுக்கோட்டையில் யாரும் யாரிடமும் 'தெரியாது' என்று சொல்வதில்லை. வழி கேட்டவனுக்குத் தெரியாது என்பது தண்ணீர் கேட்டவனுக்கு இல்லையென்பதுபோல. போன வருஷம் திருச்சியிலிருந்து வந்த ஒருவர் அமிர்தவல்லி டீச்சர் வீட்டுக்கு வழி கேட்டார். இங்கிட்டுப் போங்க, அங்கிட்டுத் திரும்புங்க என்று ஊரே கைகாட்டி, கடைசியில் வேறொரு அமிர்தவல்லி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த அமிர்தவல்லியும் தனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

டைம் கீப்பர் உத்தியோகமோ இந்த ஊர்க் குணத்துக்குச் சம்பளம் கொடுத்து வளர்ப்பது. ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரிசை. அதில் 'வரும் நேரம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் ஒருபோதும் காலியாக இருக்கக்கூடாது என்பது ஆண்டியப்பனின் சட்டம். வண்டி அச்சு முறிந்து காட்டில் கிடந்தாலும் ஒரு நேரம் எழுதியாக வேண்டும். அந்த நேரம் வந்ததும் அழித்து இன்னொரு நேரம். "இந்தா வந்துருச்சுன்னு சொல்லு. சனம் நிக்கும். தெரியாதுன்னு சொன்னா அடுத்த கம்பெனி வண்டியில ஏறிரும். இதைவிட என்னடா நிர்வாகம் சொல்லிக்குடுக்கப் போறான் வடக்க இருக்கிறவன்?"

பரீட்சைக்குச் சில வாரம் முன்னால்தான் உடையப்பன் தன் நோயைக் கண்டுபிடித்தார். பயிற்சிக் கேள்விகளைப் போட்டு, தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, ஊகித்ததையெல்லாம் அடித்துவிட்டுக் கூட்டிப் பார்த்தார். மதிப்பெண் ஏறியிருந்தது! அன்றிலிருந்து வைத்தியம். கேள்வியைப் படிப்பார், பிடிபடாவிட்டால், "தெரியாதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தாண்டுவார். முதல் நாட்களில் நாக்கு புரளவில்லை. வலது கை கேட்காமல் கட்டத்தை நோக்கிப் போகும். இடது கை அதன் மணிக்கட்டைப் பிடிக்கும். பென்சில் முனை பட்டு ஒரு புள்ளி விழுந்தாலும் அதையும் ரப்பரால் சுத்தமாக அழிப்பார். "புள்ளி இருந்தாலும் பதிலுன்னு எடுத்துக்குவாங்களாம்."

"தெரியாதுங்க."

"டீக்குச் சக்கரை போதுமான்னுதானே தம்பி கேட்டேன்?" என்றார் நாகராசு.

வைத்தியம் டீக்கடையோடு நிற்கவில்லை; வேலையிலும் கசிந்தது. கொடும்பாளூர் வண்டியில் உட்கார இடமிருக்குமா என்று கேட்ட ஒரு பெரியவரிடம் தெரியாது என்று சொல்லிவிட்டார். பெரியவர் இவரை மேலும் கீழும் பார்த்து, "ஒடம்புக்கு முடியலையாப்பா?" என்று கேட்டார். செய்தி முதலாளி காதுக்குப் போயிற்று. "இன்னொரு தடவை அந்த வார்த்தை ஒன் வாயில வந்துச்சு, டிப்போவும் கெடையாது, இந்த விசிலும் கெடையாது" என்று எச்சரிக்கை வந்தது. பிழைப்புக்கு நிரப்ப வேண்டும். பரீட்சைக்கு நிரப்பக் கூடாது. பகலெல்லாம் ஒரு பழக்கம், சாயங்காலம் அதற்கு நேர்மாறான பழக்கம். ஒரே கைதான்.

போன வெள்ளிக்கிழமை உடையப்பன் சென்னைக்கு ரயிலேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பெட்டி ஆபீஸிலேயே தயாராக இருந்தது. பொன்னமராவதி வண்டியை அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும்; அதுதான் வரவில்லை. கட்டத்தில் மூன்று மணி என்று எழுதி, அழித்து மூன்றரை, அழித்து நான்கு, பிறகு நாலரையும் எழுதியாயிற்று. ஜெகதாப்பட்டினத்து மீனை இங்கே வாங்கிப் பொன்னமராவதியில் விற்கும் கண்ணாத்தாள், கூடையை இறக்கிவைத்து, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடைக்கு அடியில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கண்ணாத்தாள் கிட்டே வந்தாள். "தம்பி, பலகை சொல்றது கெடக்கட்டும். நீ சொல்லு. வருமுன்னா நிக்கிறேன். வராதுன்னா அந்தா நிக்கிற நெல்லு லாரியில ஏத்திக்கிட்டுப் போறேன். மீனு நாறிப்போச்சுன்னா தூக்கிக் குப்பையிலதான் கொட்டணும். வண்டி எங்க நிக்கிது?"

உடையப்பன் முதலாளியைப் பார்த்தார். சாவி குலுங்கியது. 'இந்தா வந்துருச்சு' நாக்கு நுனியில் வந்து நின்றது நமக்கே தெரிந்தது. இடது கை போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"தெரியாதுக்கா."

"அட பாவிப்பயலே, இதை மூணு மணிக்கே சொல்றதுக்கு ஒனக்கு என்ன கேடு!" என்று கண்ணாத்தாள் கூடையைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் மூட்டையைத் தூக்கினார்கள். நிழலில் காத்திருந்த கூட்டம் கலைந்துவிட்டது.

ஆண்டியப்பன் எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ஒரு கையில் வைத்துக்கொண்டார். மறு கையில் சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"அஞ்சு மணின்னு எழுதுடா. எழுதிட்டு, பரீட்சைக்குப் போயி சந்தோசமா எழுதிட்டு வா. எடம் கெடைக்கலேன்னாலும் இந்தச் சாவி ஒனக்குத்தான். எழுதலேன்னா, வடக்க எடம் கெடைச்சாத்தான் ஒனக்குப் பொழைப்பு. இங்கிட்டு வராதே."

உடையப்பன் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். கழுத்து விசிலைக் கழற்றிப் பலகை ஆணியில் மாட்டினார். உள்ளங்கையால் நாலரையைத் துடைத்தார். கை பழக்கத்தில் மறுபடி கட்டத்துக்குப் போனது. சாக்பீஸ் முனை பட்டு வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. சாக்பீஸை முதலாளியின் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்தப் புள்ளியையும் சுத்தமாக அழித்தார்.