அம்மா ஏறிப் பார்த்த ஜீப்

தினமும் ஓட்டுவதற்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் தேடுகிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? இன்று ஊட்டிக்குப் பக்கத்தில் சோலூரில் ஒன்றைப் பார்த்தோம்.

மழை பெய்தால் எங்கள் கார் எஸ்டேட் மண்பாதையில் ஏறாது. டயாலிசிஸ் முடிந்து திரும்பும் அம்மா மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடந்தே ஏற வேண்டும். அதனால் அவளையும் அழைத்துப் போயிருந்தேன்.

இன்ஜின் நன்றாக இருந்தது. அடியில் துருவும் இல்லை. ஆனால் அம்மாவால் அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை.

"என்னையப் பாக்காத. உனக்குப் புடிச்சா எடு," என்றாள்.

வண்டியை விற்பவர் கேரட் விவசாயி. காய்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்.

"மெதுவா ஏறுங்கம்மா, நான் புடிச்சுக்கறனுங்க."

முன்சீட்டில் உட்கார்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிலோன்லருந்து வந்தப்ப, உன்னைய வயித்துல வச்சுக்கிட்டு லாரியில நின்னுக்கிட்டேதான் இந்த மலை ஏறுனேன். இப்ப நீ என்னைய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போற."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வண்டி பார்க்கத் தோன்றவில்லை. அதையே வாங்கிவிட்டேன். மாலையில் அம்மா அதிலிருந்து எங்கள் வீட்டு வாசலிலேயே இறங்கினாள்.

மைலேஜ், டயர், கியர் என்று எத்தனை பேர் ஆலோசனை சொன்னீர்கள்! ஏறுவதற்குப் படி வேண்டும் என்று ஒருவராவது சொன்னீர்களா? ஊட்டியில் நல்லதாகப் பொருத்தித் தருபவர் இருந்தால், இப்போதாவது சொல்லுங்கள்.