பின்வளவிலை எரிஞ்ச மெழுகுதிரியள்

வீட்டுக்காரிக்கு விசர், பைத்தியமெண்டு, நேற்றுக் குடிவந்த உனக்கு ஆர் பிள்ளை சொன்னது? காலமை பின்வளவிலை மெழுகுதிரியளை அடுக்கினவ எண்டதுக்காகவோ? போடி, அவ தங்கமான மனிசி. ஹீற்றரைக் கூட்டி விடத்தான் கொஞ்சம் கஞ்சத்தனம்.

நான் மகனோடை ரொறன்ரோ வந்த முதல் வருசம், குசினி யன்னலாலை பாக்கிறன், பின்வளவு முழுக்கக் கண்ணாடிக் கிளாசுக்கை விளக்கு எரியுது. எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. வீட்டுக்கார வெள்ளைச்சியும் கார்த்திகை விளக்கீடு கொண்டாடுறா, பாவம், நாள்தான் பிழைச்சுப்போச்சு எண்டு நினைச்சு, நல்ல சீலை உடுத்து, கிண்ணத்திலை எண்ணெய் விட்டுத் திரி போட்டுக்கொண்டு இறங்கிப் போனன். சிரிச்சுக்கொண்டு போய் வைச்சால், மனிசி அழுதுகொண்டு நிக்கிறா!

எனக்கும் இங்கிலீசு அரைகுறை, அவவுக்கும் அரைகுறை. அதாலை ரெண்டு பேருக்கும் நல்லா விளங்கும். அவவின்ரை நாடு லித்துவேனியாவாம். ரஷ்யாக்காரர் தாயையும் அவவையும் ரெயிலிலை ஏத்தி, சைபீரியாப் பனிக்காட்டிலை ஒரு ஆத்தங்கரையிலை கொண்டுபோய் விட்டவங்களாம். தாய் அங்கையே செத்துப்போனா. மண் கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்ததாம். நெருப்பு மூட்டி இளக்கித்தான் கிடங்கு வெட்டினவையாம். மரச்சிலுவை ஒண்டு நட்டவ. பிறகு விட்டாப்போலை, உலக யுத்தத்திலை தப்பி இஞ்சை வந்திருந்த புருசனிட்டை வந்திட்டா. அவையின்ரை முறைக்கு, இலையுதிர் காலத்திலை ஒருநாள் செத்தவையின்ரை கல்லறையிலை விளக்கு வைக்கவேணும். அங்கை போகேலாது, அதுதான் வளவிலை.

"அந்த ஆறு வருசா வருசம் கரையை அரிக்குது," எண்டு அழுதா. "அம்மாவையும் இப்ப கொண்டு போயிருக்கும். இல்லாத கல்லறைக்கு நான் ஏன் விளக்கு வைப்பான்?"

நான் கேட்டன், "ஆறு கடலுக்குத்தானே போகுது?"

"ஓம்."

"பிறகென்ன? நாங்கள் எங்கடை ஆக்களை எரிச்சு, சாம்பலை நாங்களே கொண்டுபோய்க் கடலிலைதான் கரைக்கிறது. என்ரை மனிசனும் கீரிமலைக் கடலிலைதான் இருக்கிறார். உங்கடை அம்மாவும் அங்கை வந்து சேந்திருப்பா."

மனிசி என்னை வடிவாப் பாத்தா. "உங்கடை புருசன் லித்துவேனியன் கதைப்பாரோ?"

"அவர் வீட்டிலை தமிழே கதைக்கிறேல்லை, பேப்பர்தான் பாப்பார்," எண்டன்.

அழுத கண்ணோடை விழுந்து விழுந்து சிரிச்சா. அண்டைக்குத் துவங்கி ஒவ்வொரு வருசமும் அவ மெழுகுதிரி, நான் எண்ணெய் விளக்கு. என்ரை மனிசனுக்கும் ஒரு திரி கொளுத்துறா. பின்னேரம் நீயும் வா, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. விளக்கு வைச்சாப்பிறகு அவவுக்கு என்ரை உளுந்து வடை இல்லாட்டி... ஐயோ, எண்ணெய் புகையுது! நில்லு பிள்ளை, அடுப்பைக் குறைச்சிட்டு வாறன்.