கை நீட்டும் இடம்

பஸ் கண்டக்டருக்குப் பயணியின் முகம் எதற்கு? கை போதும். நீளுகிற கையிலிருந்து காசை வாங்கி, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விடலாம். அவள் பல வருடமாக அப்படித்தான் பிழைப்பை ஓட்டுகிறாள். அக்கா போன பிறகு அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அக்காவின் மகள் இவளோடு வந்து சேர்ந்தாள். அப்பன் என்கிற பிரகஸ்பதி எப்போதோ கழன்றுகொண்டவன். பெண் தன் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். வினையே அதுதான். சித்திக்காரி சோறு போடுவாள், பின்னால் நின்று தலை பின்னுவாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். சித்திக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, பெண்ணும் வாயை மூடிக்கொண்டாள்.

அவளைப் பள்ளியில் சேர்க்க, சித்தி லீவு போட்டுவிட்டு, தான் படித்த பள்ளிக்கே அழைத்துப் போனாள். அந்தக் காலத்து டிரில் மாஸ்டர்தான் இப்போது தலைமையாசிரியர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது.

“அட, நீயா! ரிலேல அக்கா கையிலேர்ந்து வாங்கிட்டு ஓடுவியே! அவ எப்படி இருக்கா?”

“செத்துட்டா சார், நாலு மாசமாச்சு,” என்றாள், அடுத்த ஸ்டாப்பைச் சொல்கிற குரலில். “இது அவ பொண்ணு. அஞ்சாவது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவளுக்குக் கண்ணில் ஒரு துளி வரவில்லை. பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு மைதானத்தைக் கடந்து போவதுதான் குறுக்குவழி. அந்த நாளில் விளையாட்டு விழா என்றால் விடிந்ததிலிருந்தே இங்கே ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தும். ரிலேக்குக் கட்டை வாங்க வக்கில்லாத பள்ளி; உடைந்த நாற்காலியின் கால்தான் கைமாறும். அக்கா பேய் மாதிரி ஓடிவந்து, சுண்ணாம்புக் கோட்டருகே “கை!” என்று அலறுவாள். இவள் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். “திரும்பிப் பாத்தா காலிடி நாம” என்பாள் அக்கா. ஒரு வருஷம் இவள் திரும்பிப் பார்த்துத் தொலைத்தாள். கோப்பை கைநழுவிப் போயிற்று. அக்கா அன்று முழுக்க உர்ரென்று இருந்தாள்.

இப்போது கோடு இல்லை, வெயிலில் காய்ந்த வெறும் புழுதி. இருந்தாலும் அந்த இடம் வந்ததும் அவள் கை தானாகப் பின்னால் நீண்டது. என்ன கிறுக்குத்தனம் என்று நினைத்தாள். ஆனால் மடக்கவில்லை.

பின்னால் வந்த காலடி நின்றது. உள்ளங்கையில் எதுவோ வந்து விழுந்தது. ஒரு செருப்பு.

“வார் அறுந்துடுச்சு, சித்தி.”

நாலு மாசத்தில் அந்தப் பெண் தானாகப் பேசிய முதல் பேச்சு. செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அவள் இரண்டடி முன்னால் போய்விட்டாள். பிறகு நின்றாள். திரும்பினாள்.

அக்காவின் முகம். திட்டு விழுமோ என்று பயந்துபோய், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சித்திக்கு அழுகை வரவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

“ஏன் சித்தி அப்படிப் பாக்குற?”

“இத்தனை நாளா பாக்காம விட்டுட்டேன்டி.”

பெண் தூக்கிய காலை மற்ற கால்மேல் வைத்துக்கொண்டாள்.

“சரி, பாரு. ஆனா கால் சுடுது.”