நிறுத்தி அளந்த கிணறு

கொழிஞ்சாம்பாறையில், பொள்ளாச்சி போகும் சாலையோரத்து பெட்ரோல் பங்கில் நிலத்தடித் தொட்டி ஒன்று கசிந்தது. தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள். நனைந்த மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் புதுத் தொட்டி வைத்தார்கள். கசிந்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வந்தது. அளவெடுக்கப் போனவன் நான்.

அந்த இடத்தின் அடிமண் இப்போதும் எனக்கு மனப்பாடம். மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் கரிசல். அதன் கீழே வெள்ளைச் சுக்கான்கல், சுண்ணாம்புக் கட்டி. பிறகு கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிக் கருங்கல். தண்ணீர் மக்கிய பாறையிலும் கருங்கல்லின் வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. நிலம் மேற்கே சரிகிறது. ஆகவே பங்கின் வளாகத்துக்குள் ஒரு துளையும் அதற்கு மேற்கே மூன்று துளைகளும் போட்டு, மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்துத் தண்ணீர் மாதிரி எடுத்துவந்தோம்.

கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு, அதில் ஒரு வீடு, ஒரு கிணறு. அந்த வீட்டம்மா முதல் நாளே சுவரோரம் வந்து நின்று கேட்டார்.

“ஏனுங்க சார், எங்க கெணத்துத் தண்ணியக் குடிக்கலாமுங்களா?”

அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கிணற்றை அளக்குமுன் மோட்டாரை நிறுத்தி, ஊற்று ஊறி மட்டம் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பது எங்கள் வேலையின் முறை. அளக்கும் நாளுக்கு முந்தின நாள் காலையிலேயே நிறுத்தி வைக்கச் சொன்னேன். கோடைக்காலம். தென்னைக்குச் சொட்டுநீர் ஓயாமல் ஓடவேண்டிய நேரம். இருந்தும் நிறுத்தி வைத்தார்.

நான் அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கும்போது அவருடைய வீட்டுக்காரர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். “டாக்டரு வர்றாருன்னு, ஓடி வெளையாடற புள்ளையப் புடிச்சுப் படுக்க வெச்சுட்டா பாருங்க.”

“நீங்க சும்மா இருங்க” என்று அவரை அதட்டிய அந்த அம்மா, கொஞ்சம் யோசித்து என்னிடம் திரும்பினார். “அவரு சொல்றதும் நாயந்தானுங்களே? நாங்க குடிக்கறது மோட்டாரு ஓடறப்ப வர்ற தண்ணிதானுங்க. அப்பவும் ஒருக்கா அளந்து பாருங்களேன்.”

“அது முறையில்லீங்க. ஓடறப்ப அளந்தா மத்த துளைகளோட ஒப்பிட முடியாதுங்க” என்றேன்.

மூன்று முறை அளந்தேன். மூன்றும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கின. கிணற்றின் நீர்மட்டம் பங்கின் துளையிலுள்ள மட்டத்தைவிட அரை மீட்டர் மேலே இருந்தது. “தண்ணி இங்கிருந்துதானுங்க அங்க போகுது. அங்கிருந்து இங்க வராது. தாராளமாக் குடிங்க.” மாதிரி எடுக்கவில்லை. மேட்டுக் கிணறு, மாதிரி தேவையில்லை என்று அன்றைய டைரியில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

அடுத்த கோடையில் அந்த அம்மா போன் செய்தார். “சோத்துல பெட்ரோல் வாசம் வருதுங்க. அவரு மூக்குலதான் கோளாறுன்னு பத்து நாளா வஞ்சுட்டு இருந்தேன். இப்ப எனக்கே வருதுங்க.”

மதியத்துக்குள் போய்விட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லாமல் நாடாவை இறக்கினேன். மட்டம் பங்கின் மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே கிடந்தது. மோட்டார் இழுக்க இழுக்கக் கிணற்றைச் சுற்றித் தண்ணீர் பள்ளமாகி, நிலத்தின் சரிவையும் மீறி, சுவருக்கு அடியிலுள்ள வெடிப்புகள் வழியாகப் பங்கின் தண்ணீரைக் கூட்டிவந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாத பாடமில்லை. ஆனால் மோட்டார் நிற்காத தோப்பில், நானே கேட்டு வாங்கிய ஒரு நாளை அளந்துவிட்டு, மற்ற நாட்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருந்தேன்.

முடிவு தெரியும்வரை குடிக்க வேண்டாம் என்று சொல்லி மாதிரி எடுத்துவந்தேன். அதன் முடிவு வந்தபோது தபாலில் அனுப்பினால் போதும் என்றார்கள் அலுவலகத்தில். நேரில் போனேன்.

“என் தப்புங்க. நீங்க சொன்னப்பவே ஓட விட்டு அளந்திருக்கணும். இனிக் குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாங்க.”

வைவார் என்று நினைத்தேன். “நீங்க சொன்னீங்கன்னுதானுங்க பஞ்சாயத்துக் கொழா வேண்டாம்னுட்டோம்” என்று மட்டும் சொன்னார். பிறகு, “எத்தன நாளைக்குங்க?”

“வருசக்கணக்கா ஆகலாம். சரியாச் சொல்ல முடியாதுங்க.”

வீட்டுக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. “மாட்டுக்கு வெக்கலாமுங்களா?”

என் அட்டவணையில் மனிதர்களுக்கான வரம்பு மட்டுமே இருந்தது. “வேண்டாங்க” என்றேன்.

மாடு அப்போது கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் வாய் வைத்திருந்தது. அந்த அம்மா கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது வர மறுத்து மறுபடியும் தொட்டிக்குள் கழுத்தை நீட்டியது. நானும் போய்ப் பிடித்தேன். இரண்டு பேருமாக அதை இழுத்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கப் போனோம்.