ஒட்டுக்கேட்கிற வண்டியும் செல்வகுமாரியும்

செல்வகுமாரிக்கு வாய் நீளம் என்று கரிக்கலாம்பாக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும். புருஷன் விட்டுப் போனபிறகு அண்ணனின் டெம்போவில் கரும்புக் கட்டு ஏற்றி ஓட்டப் பழகியவள் அவள். பாகூர் பக்கத்து லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்புக்கு, வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கே ஸ்டியரிங்கை விட்டு இறங்கியிருப்பாள்.

இப்போது சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டு பெண்களை வேனில் கொண்டுபோய் விடுகிறாள். வேன் வில்லியனூர் நமச்சிவாயத்துக்குச் சொந்தம். மளிகைக் கடைக்காரர், கூடவே டிராவல்ஸும் வைத்திருக்கிறார். அந்த வேனில் பேசாத பேச்சில்லை. மாமியார் கொடுமை, மாதவிலக்கு, சூப்பர்வைசரின் கை போகும் இடம், எல்லாம் அங்கேதான் வெளியே வரும். வீட்டிலும் வாய் திறக்க முடியாது, வேலையிலும் முடியாது. நடுவில் இருக்கும் ரோடு மட்டும்தான் அவர்களுடையது.

சித்திரையில் நமச்சிவாயம் புது வேன் எடுத்தார். அதற்குள் பேசும் கம்ப்யூட்டர் பெண் ஒருத்தி இருந்தாள். 'தோழி' என்று பேர் வைத்திருந்தார்கள். "வணக்கம் செல்வகுமாரி, உங்கள் குரலில் சோர்வு தெரிகிறதே" என்று செய்தி வாசிப்பவள் மாதிரி விசாரிப்பாள். முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. தோழியைச் செய்த கம்பெனியின் பெரிய முதலாளி செல்போன் வீடியோவில் வந்து, வண்டி இனி உங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று பல்லைக் காட்டினார். செல்வகுமாரிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"அந்தாளு வூட்டுல இன்னா பேசிக்கிறாங்கன்னு நமக்கு எவனாவது சொல்றானா? நம்ம வண்டில மட்டும் இன்னாத்துக்கு வந்து குந்திக்கினு இருக்கறான்?"

அப்புறம்தான் சுகன்யா விஷயம் நடந்தது. தான் முழுகாமல் இருப்பதை அவள் வேனில் மட்டும்தான் சொல்லியிருந்தாள். தொழிற்சாலைக்குத் தெரிந்தால் காண்ட்ராக்ட் ஆளைக் கழற்றிவிட்டுவிடுவார்கள். அடுத்த வாரமே சூப்பர்வைசர் கூப்பிட்டு, "உடம்பு எப்படிம்மா இருக்குது?" என்று ஒரு தினுசாகக் கேட்டான். வண்டி சொன்னதா, வாய் தவறி வேறு யாராவது சொன்னார்களா, யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் கொடுமை. ஒருத்திமேல் ஒருத்திக்குச் சந்தேகம் வந்தது. வேனில் பேச்சு நின்றுபோனது.

செல்வகுமாரி நேராக நமச்சிவாயத்தின் கடைக்குப் போனாள்.

"அண்ணே, நாங்க பேசறதெல்லாம் அது எங்க கொண்டுபோவுது?"

"எங்கயும் போவாதும்மா. ரோட்டப் பாத்து வழி சொல்றதுக்குத்தான் அது. கம்பெனிக்காரனே சொன்னான்."

அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேனில் மூத்தவளான கலியம்மாள் வாராவாரம் போல வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஸ்டியரிங்குக்கு ஒன்று, முன்கண்ணாடிக்கு ஒன்று. கூரையில் உருண்டையாக ஏதோ இருந்தது. விளக்கு என்று நினைத்து இந்தத் தடவை அதற்கும் தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். வண்டி கிளம்பியதும் தோழி பேசினாள்.

"உள்பக்கக் கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது. பயணிகளைப் பார்க்க முடியவில்லை. தயவுசெய்து துடைக்கவும்."

செல்வகுமாரி பிரேக்கை மிதித்தாள்.

"அப்போ இத்தினி நாளா நம்மளப் பாத்துக்கினு இருந்துச்சா?" என்றாள் கலியம்மாள், சந்தன விரலோடு.

செல்வகுமாரி மறுபடி கியரைப் போட்டாள். பொட்டைத் தொடாமல் வில்லியனூர் வரை ஓட்டினாள். தோழி அதற்குள் வேன் முதலாளிக்குத் தகவல் கொடுத்துவிட்டாள். நமச்சிவாயம் கடை வாசலில் துணியும் கையுமாக நின்றார்.

"தொடைச்சுடும்மா. கம்பெனில இருந்து மெசேஜ் மேல மெசேஜ் வருது."

"வெள்ளிக்கெழம வெச்ச பொட்ட அழிக்க மாட்டேண்ணே. மொதல்ல அத்த நிறுத்துங்க. இல்லாட்டி நான் ஓட்டல."

"அப்போ சாவியக் குடு. ஊர்ல வேற டிரைவரே இல்லியா?"

இந்த வேலை போனால் இன்னொரு முதலாளி பொம்பளை டிரைவரை வைத்துக்கொள்வாரா என்பது சந்தேகம்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

பின்கதவு திறந்தது. கலியம்மாள் இறங்கினாள், சுகன்யா இறங்கினாள், ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். கூப்பிட்டால் ஏறுகிற மாதிரி அவர்கள் நிற்கவில்லை. நமச்சிவாயத்துக்கு வேர்த்தது. ஷிப்டுக்கு ஆள் போகாவிட்டால் ஒப்பந்தமே போய்விடும். வண்டிக்குள் தலையை நீட்டினார்.

"தோழி, பாக்கறது கேக்கறது எல்லாத்தையும் நிறுத்து."

"மன்னிக்கவும் நமச்சிவாயம். அதற்கான அனுமதி உங்களுக்கு இல்லை."

கடைத்தெருவே கேட்டது. வில்லியனூரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

"என் வண்டில எனக்கே அனுமதி இல்லியா?" என்று கத்தியவர், எதிர்க்கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "டேனியலு, இங்க வா. இதோட ஒயரெல்லாம் புடுங்குடா."

"வாரண்டி போயிடும்ணே."

"போவட்டும். புடுங்கு!"

டேனியல் ஒயரைப் பிடுங்கி எறிந்ததும் செல்வகுமாரி கையை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார். பெண்கள் ஏறிக்கொண்டார்கள்.

ஊர் தாண்டும்வரை எல்லோர் கண்ணும் கூரையிலேயே இருந்தது. பழகிய பயம் ஒயரோடு போய்விடுமா? பிறகு சுகன்யா பின்சீட்டிலிருந்து எழுந்தாள்.

"அக்கா, இன்னிக்கி நானே சூப்பர்வைசருகிட்ட சொல்லப்போறன். என் வயித்தப் பத்தி எவனோ எனக்கு முன்னாடி போயி சொல்றதா? கழட்டிவுட்டா வுடட்டும்."

"தனியாப் போவாதடி" என்றாள் செல்வகுமாரி. "பாக்டரி கேட்டாண்ட வண்டிய நிறுத்திட்டு நானும் வரேன்."